மகள் போன பின்னும் நிற்கும் தவணை

எகிப்தில், எங்கள் தமன்ஹூர் ஊரில் பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கக் கிளம்பியவன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் என் கடைப் படியில்தான் வந்து இடறுவான். பழைய பஞ்சு மண்டிக்கு எதிரே மூன்று மாடி. மூன்றும் என் சொந்தச் சம்பாத்தியம். ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டுக்கு அனுப்பிய கணக்கு வாத்தியார், பிற்காலத்தில் தன் மகளின் சீருக்கு அடுப்பும் மிக்ஸியும் என்னிடம்தான் தவணையில் எடுத்தார். கடைசித் தவணையை நானே தள்ளிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. ஹாஜி ஷவாத்ஃபி யார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்திஹால் யார் என்று கேட்டால் அவள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

அவள் முதன்முதலில் கடைக்கு வந்தது ஓர் அக்டோபர் மாதம், ஒன்றாம் தேதி. தவணை கட்டுகிறவர்கள் மாதத்தின் முதல் பத்து நாளில்தான் வருவார்கள், சம்பளம் கையில் சூடாக இருக்கும்போதே. அன்று வரிசை படிவரை நின்றது. அவள் வரிசையில் நிற்காமல் ஓரமாக ஒரு பிரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றாள். நாற்பத்துமூன்று வயது. தோளில் தாள்கள் நிறைந்த துணிப்பை. வலது முழங்காலை மடக்காமல் நீட்டி வைத்திருந்தாள். ஏதோ சிபாரிசுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கேட்டது ஒரு நாற்காலி மட்டும். வேளாண்மைத் துறை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. இருபது வருடமாக ஊர் ஊராகப் போய் மாடும் எருமையும் எண்ணி எழுதுகிறவள். வாய்க்கால் வரப்பில் நடந்து நடந்து முழங்காலில் சவ்வு தேய்ந்துவிட்டது. முதுகலைப் பட்டம் இருந்தால் தலைமை அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைக்கும். அதற்காக அலெக்ஸாந்திரியாவில் ஒரு கல்லூரியில் பதிந்து எட்டு வருடம் ஆகிறது. நடுவில் தகப்பனார் இறந்தார், தாயாருக்குச் சிறுநீரகம் கெட்டது, வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்று முறை தவணை கேட்டு நீட்டித்தாகிவிட்டது. இனி நீட்ட மாட்டார்களாம். மார்ச் முடிவதற்குள் ஆய்வை முடித்துத் தேர்வாளர்கள் முன்னால் நின்று ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள், பிறகு ஓய்வு பெறும்வரை மாடுதான்.

எதைப் பற்றி ஆய்வு என்று கேட்டேன். சாதாரணக் குடும்பங்கள் ஏன் கடன்படுகின்றன என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நாற்பது வருடமாகத் தவணைக்குச் சாமான் கொடுக்கிற மனுஷன் நான். என் பெட்டியில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. அதைக் கோர்ட்டில் கொடுத்தால் ஆளை உள்ளே தள்ளலாம். ஒரு பெண்ணைக்கூட நான் அப்படி அனுப்பியதில்லை. ஏனென்றால் ஆளைப் பார்த்த உடனே எனக்குத் தெரியும், இவள் கட்டுவாள், இவள் மூழ்குவாள் என்று. எட்டு வருடம் படிக்க வேண்டியதில்லை, ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. கடையின் பழைய கணக்குப்பிள்ளை பஸ்தவீசி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். காலை நீட்டி உட்கார்ந்து, தேநீரை வாங்கிக்கொண்டு, தன் கணக்கு என்னவென்று எனக்கு விளக்கினாள்.

"ஹாஜியார், அஞ்சு பேரு சேந்து ஒரு பிரிட்ஜை மாடிக்குத் தூக்குறாங்கன்னு வைங்க. எல்லாரும்தான் மூச்சு வாங்குறாங்க. யாரு எவ்வளவு பாரத்தைத் தாங்குறான்னு பாத்தாத் தெரியுமா?"

"தெரியாது. நல்லா முக்குறவன்தான் சும்மா வருவான்."

"அதேதான். ஆனா இருநூறு வீட்டுக்குத் தூக்குறதைப் பாத்தீங்கன்னா, ஒரு வீட்டுல இவன் இருப்பான் அவன் இருக்க மாட்டான். எல்லாத்தையும் ஒண்ணா வச்சுக் கணக்குப் போட்டா ஒவ்வொருத்தன் பங்கும் தனியாப் பிரிஞ்சுரும். பிரிட்ஜுக்குப் பதிலா கடன். ஆளுங்களுக்குப் பதிலா சம்பளம், படிப்பு, வயசு, பிள்ளைங்க, வைத்தியச் செலவு."

பல்சார் தொடர்புப் போக்கு என்று அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னாள். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, பிரிட்ஜ் உதாரணம் பிடித்தது. அதில் என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள் என்றேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நான் பார்வையிலேயே ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுக்கிறேன், அதுவும் கணக்கில் நிற்கட்டும், யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அன்றிலிருந்து நான் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அது முதுகலைதான், டாக்டர் பட்டம் இல்லை என்று திருத்துவாள். கொஞ்ச நாளில் திருத்துவதை விட்டுவிட்டாள்.

யாருடைய பெயரையும் எழுத மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். தாளுக்கு ஒரு எண் மட்டும். அதே எண்ணை அவர்களுடைய தவணை அட்டையின் பின்புறம் சின்னதாகக் குறித்துக் கொடுப்பாள், பிறகு ஏதாவது விட்டுப்போனால் கேட்க. அட்டை அவர்களிடம், தாள் அவளிடம். கடன் எவ்வளவு என்று வாயால் கேட்கமாட்டாள். ஏனென்றால் எங்கள் ஆட்கள் தவணையைக் கடன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடன் என்றால் மச்சானிடம் கைநீட்டி வாங்குவது. அதனால் எல்லாக் கடை அட்டைகளையும் காட்டச் சொல்லிக் கூட்டிக்கொள்வாள். பெண்கள் அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு வைத்திருப்பார்கள்.

ஹஸ்னாவின் அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விதவை. சந்தையில் வெண்ணெயும் முட்டையும் விற்கிறவள். ஆறு அட்டைகளைக் கடைப்பலகையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினாள். கூட்டிப் பார்த்தால் அறுபத்தோராயிரம் பவுண்டு. கேள்வி கேட்க வந்த இப்திஹாலை அவள்தான் முதலில் கேள்வி கேட்டாள். கல்யாணம் ஆகலையா, ஏன் ஆகலை, இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி நடக்கிறாய், நெய்யில் மஞ்சள் போட்டுத் தேய்த்தாயா. இப்திஹால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தன் கேள்விக்கு வந்தாள். வீட்டில் இருக்கும் ஆண் பிள்ளைகள் எத்தனை. ஒன்று. வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை. யாரும் இல்லை. சுழியம் போட்டாள். நான் எட்டு மதிப்பெண் கொடுத்தேன், இவள் செத்தாலும் கட்டிவிட்டுத்தான் சாவாள் என்று.

அக்டோபரில் பத்து நாள், நவம்பரில் பத்து நாள். அலுவலகத்தில் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் பொட்டலத்தில் அவரைப் பருப்பு வடை வாங்கிக்கொண்டு வருவாள். சாப்பிட மறந்து அது நாற்காலிக்கடியில் ஆறிக் கிடக்கும். சாயந்திரம் தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப்போக ஓடுவாள். ஓடுவாள் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள் சேர்ந்தன. பிறகு இரண்டு மாதம் ஆளைக் காணோம்.

ஜனவரி கடைசியில் ஒரு மழை நாளில் வந்தாள். முடிவு வந்துவிட்டது என்றாள். குரலில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. சம்பளம் கொஞ்சம் இழுக்கிறது. வைத்தியச் செலவு கொஞ்சம் இழுக்கிறது. படிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. என் பார்வையைப் பற்றிக் கேட்டேன், பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டாள். பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் புதுமை என்று சொன்னாள். வீட்டில் ஒரு மகள் கூடினால் கடன் குறைகிறதாம்.

"எந்தக் கழுதை சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்தான் சொல்லுச்சு, ஹாஜியார்."

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ரிஃபாஈக்கு அதில் மிகுந்த சந்தோஷம். யாரும் சொல்லாத முடிவு, பத்திரிகையில் போடலாம், உடனே அச்சடித்து அட்டை போட்டுக் கொண்டுவா என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். மார்ச் இருபத்தொன்பதாம் தேதி தேர்வு என்று நாளும் குறித்தாயிற்று. அவள் முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் வந்திருந்தாள், நன்றி சொல்லிவிட்டுப் போக.

நான் விட்டிருக்கலாம். ஆனால் என் தொழிலைப் பற்றி ஒரு பொய் புத்தகத்தில் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்த மூன்று மாடியும் எதனால் எழும்பியது என்று நினைக்கிறாய், பெண்ணைப் பெற்றவர்களால்தான் எழும்பியது என்றேன். பேரேட்டை எடுத்து ஹஸ்னாவின் அம்மா பக்கத்தைத் திருப்பிப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன். ஐந்து வருடத்தில் மூன்று பிரிட்ஜ், மூன்று அடுப்பு, மூன்று வாஷிங் மெஷின். ஒரு வீட்டில் எதற்கு மூன்று? அவள் வீட்டில் இருப்பது என்னவோ ஒரு பழைய பெட்டி, கதவை மூடக் கயிறு கட்டியிருக்கிறாள். மூன்றும் போனது மூன்று மாப்பிள்ளை வீட்டுக்கு.

இப்திஹால் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீர் அவள் முக்காட்டிலிருந்து பேரேட்டில் சொட்டியது. பேரேட்டை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"மாடு எண்ணுற மாதிரி எண்ணிட்டேன்" என்றாள். "எண்ணப் போற அன்னிக்குத் தொழுவத்துல எது நிக்குதோ அதைத்தான் எழுதுவோம். வித்ததை எழுத மாட்டோம். அதே பழக்கத்துல வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டேன். பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போயிருச்சு, கடன் அம்மா வீட்டுலயே நிக்குது. என் தாளுல அம்மாவுக்குப் பொண்ணே இல்ல."

பிறகு இன்னொன்றையும் தானாகவே சொன்னாள். அவள் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள், அவளேதான், கடன் இல்லை. இருபத்தாறு வயதில் அவளுக்கு நிச்சயமாகிக் கலைந்தது. தாயார் சீர் சாமானுக்கு வாங்கிய கடனைக் கட்டி முடித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. சாமான்கள் கட்டிலுக்கடியில் பெட்டியோடு இருக்கின்றன. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு உள்ளிருந்து தெரியாது. தெரிந்திருந்தால் கேள்வி சரியாக வந்திருக்கும். இதை அவள் அழுகையோடு சொல்லவில்லை. மாட்டுக் கணக்கில் பிழை கண்டுபிடித்தவள் மாதிரிச் சொன்னாள்.

அப்படியே கொடுத்துவிட்டால் என்ன என்று அவளும் யோசித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வெகுநேரம் யோசித்தாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. பேராசிரியர் கையெழுத்து இருக்கிறது. தேர்வாளர்கள் தாளைத்தான் பார்ப்பார்கள், ஹஸ்னாவின் அம்மாவையா பார்ப்பார்கள்? கொடுத்துவிடு டாக்டரம்மா, கால் போகிறது என்று நானும் சொன்னேன். சற்று முன்னால் பொய் ஏறக்கூடாது என்று சொன்ன அதே வாயால் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மறுவாரம் அலெக்ஸாந்திரியா போய்வந்தாள். ரிஃபாஈ கத்தவில்லையாம், இரண்டு முறை அறையிலிருந்து எழுந்து போனாராம். அதன்பிறகு இரண்டு வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசியில் ஒரே வார்த்தை சொன்னார். மார்ச் இருபதுக்குள் புது அத்தியாயம் தேர்வாளர்கள் கைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் தேர்வும் இல்லை, அவர் பெயரும் அதில் வராது. பிப்ரவரியின் முதல் பத்து நாள் அதற்குள் கழிந்துவிட்டிருந்தது. மிச்சம் மார்ச் ஒன்று முதல் பத்து வரை.

அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது. அட்டையின் பின்னால் எண் இருக்கிறதே. தவணை கட்ட வருகிறவர்களின் அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்து இரண்டே கேள்வி கூடுதலாகக் கேட்டால் பழைய தாளோடு பொருந்திவிடும். ஆளுக்கு இரண்டு நிமிடம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

பஸ்தவீசி என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

ஜனவரியில் நான் எல்லா அட்டைகளையும் மாற்றியிருந்தேன். கடைக்கு நாற்பதாவது வருடம். பளபளப்பான புது அட்டை, முன்பக்கம் என் படம், கீழே தங்க எழுத்து. ஊரே பேசியது. பழைய அட்டைகளை எடைக்குப் போட்டதில் பூசணி விதை வறுத்து விற்கிறவன் வாங்கிப் போனான். இருநூற்றுப் பன்னிரண்டு எண்ணும் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. என் பெருமைக்கு அவளுடைய அக்டோபரும் நவம்பரும் விலையாகிவிட்டன.

இதை நானே அவளிடம் சொன்னேன், பஸ்தவீசியைச் சொல்ல விடவில்லை. அவள் கையிலிருந்த தாள்களைப் பைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு பரவாயில்லை என்றாள். அந்தப் பரவாயில்லைக்குப் பதில் செருப்பைக் கழற்றியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பழையதை மறந்துவிட்டு முழுத்தாளையும் முதலிலிருந்து கேட்கப் போவதாகச் சொன்னாள். கிடைத்தவரை கிடைக்கட்டும்.

என் தப்புக்கு ஏதாவது செய்ய வேண்டுமே. மார்ச் முதல் பத்து நாளில் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு ஐம்பது பவுண்டு தள்ளுபடி என்று பலகை எழுதச் சொல்லிவிட்டேன். அவள் வந்த வேகத்தில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"தள்ளுபடின்னா பணமுடை உள்ளவங்க மட்டும் ஓடி வருவாங்க, ஹாஜியார். அப்புறம் ஊரே பணமுடையில கெடக்குதுன்னு கணக்கு சொல்லும். நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் எனக்கு உதவி."

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றும் செய்யாமல் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாடி கட்டியதைவிட அது கஷ்டமாக இருந்தது.

அலுவலகத்தில் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டாள். காலை ஒன்பதிலிருந்து கடை மூடும்வரை நாற்காலி. ஒருவருக்கு இருபது நிமிடம். சனங்கள் சலித்துக்கொண்டார்கள். மறுபடியுமா, போன தடவை சொன்னது என்னாச்சு, அரசாங்கம் பிரிட்ஜுக்கு வரி போடப் போகிறதா என்று கேட்டார்கள். நேரமில்லை என்று பலர் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாரையும் அவள் இழுத்து நிறுத்தவில்லை. இரண்டு நாள் தாயாரோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வந்தது. அந்த இரண்டு நாளும் நாற்காலி காலியாகக் கிடந்தது, அதில் வேறு யாரும் உட்காராமல் பஸ்தவீசி பார்த்துக்கொண்டார். ஐந்தாம் நாள் முழங்கால் தலையணை மாதிரி வீங்கிவிட்டது. ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் காலை வைத்துக்கொண்டு எழுதினாள்.

ஹஸ்னாவின் அம்மா ஏழாம் தேதி வந்தாள். இந்த முறை கேள்வி வேறு. கடந்த ஏழு வருடத்தில் எத்தனை பெண்களைக் கட்டிக் கொடுத்தீர்கள்? சீர் சாமானுக்கு யார் கையெழுத்துப் போட்டது?

அந்த அம்மாள் அட்டை உறையை மடியில் வைத்து, எதிரே இருந்த நாற்காலியில் முதல் முறையாக முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மூணு பேரு. கையெழுத்து நான்தான், வேற யாரு? பொண்ணு போயிருச்சு மவளே, தவணை எங்கூடத்தான் படுத்து எந்திரிக்குது. இதை மொதல்லயே கேக்காம, நான் எத்தனை கிலோ இறைச்சி திங்குறேன்னு கேட்டுக்கிட்டிருந்தியே."

இப்திஹால் தலையைக் குனிந்து மூன்று என்று எழுதினாள். அந்த அம்மாள் போகும்போது இரண்டு முட்டையை நாற்காலிக் கையில் வைத்துவிட்டுப் போனாள், அவித்தது.

பத்தாம் தேதி கடை மூடும்போது நூற்று முப்பத்தொன்று சேர்ந்திருந்தது. முந்தினதைவிட எண்பத்தொன்று குறைவு. போதுமா என்று கேட்டேன். போதும் போதாது என்பதில்லை, இவ்வளவுதான் என்றாள்.

பத்தொன்பதாம் தேதி மறுபடி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. இந்த முறை கணக்கு வாயைத் திறந்து பேசிவிட்டது. சம்பளம், வைத்தியம், வயது எல்லாம் ஒரே அளவாக வைத்துப் பார்த்தாலும், கட்டிக்கொடுத்த மகள் ஒவ்வொருத்திக்கும் கடன் பதினான்காயிரம் பவுண்டு ஏறுகிறது. வீட்டில் இருக்கும் மகள்கள் பக்கம் ஒன்றும் இல்லை. முன்னால் ஆளுக்கு ஆள் கடன் வேறுபடுவதில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் காரணம் தெரிந்தது, இப்போது பாதிக்கு மேல் தெரிகிறது என்றாள்.

என் பார்வை என்னாச்சு என்று கேட்டேன். இந்த முறை தள்ளிப்போடவில்லை. தனியாக நிறுத்தினால் நன்றாகத்தான் நிற்கிறது. நான் குறைத்து எண் போட்டவர்களுக்குக் கடன் அதிகம். ஆனால் மற்றதோடு சேர்த்து நிறுத்தினால் அதற்குப் பங்கு எதுவும் மிஞ்சவில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் சண்டை போட்டேன். நாற்பது வருடத்தில் நான் பார்த்துச் சொல்லித் தப்பாகாத பெயர்களை வரிசையாக அடுக்கினேன்.

"நீங்க பாக்குறது பொய்யில்ல, ஹாஜியார். அவங்க என்ன வேலை பாக்குறாங்க, எத்தனை பொண்ணைக் கட்டிக் கொடுத்தாங்கன்னு உங்களுக்கு முன்னமே தெரியும். அதைத்தான் மூஞ்சியில படிச்ச மாதிரி நெனச்சுக்கிறீங்க. அஞ்சு பேரு தூக்குற பிரிட்ஜுல ஆறாவது ஆளு கைய மட்டும் வச்சுக்கிட்டு வர்ற மாதிரி."

பஸ்தவீசி கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இரண்டு நாள் அவரிடம் நான் பேசவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்புறம் யோசித்துப் பார்த்தபோது அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்கு அகப்படவில்லை. வேறு ஒருத்தர் சொல்லியிருந்தால் கடைக்குள் விட்டிருக்க மாட்டேன். வீங்கின காலோடு எனக்கு எதிரே உட்கார்ந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டு அதைச் சொன்னாளே, அந்தத் தைரியத்துக்காகத்தான் தேர்வன்று டிரைவரோடு என் காரில் அவளை அலெக்ஸாந்திரியாவுக்கு நானே அழைத்துப் போனேன்.

அறையில் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் வீட்டில் தேர்வு என்றால் ஊர்வலமாக வருவார்கள், பூவும் சர்பத்தும் இருக்கும். இவளுக்கு நான், அலுவலகத் தோழி ஒருத்தி, அவ்வளவுதான். தாயாருக்கு அன்று ஆஸ்பத்திரி நாள். மேடையில் ரிஃபாஈயும் இரண்டு தேர்வாளர்களும். ஒருவர் எழுத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டே முக்கால் மணி நேரம் ஓட்டினார். மற்றவர் மெலிந்த மனிதர், கான்டீன் டீயைத் தொடவே இல்லை. ஆய்வுத் திட்டத்தில் இருநூறுக்கு மேல் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஏன் நூற்று முப்பத்தொன்றோடு வந்திருக்கிறீர்கள் என்று அவர்தான் கேட்டார்.

ரிஃபாஈ நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது மழுப்பிச் சொல் என்பதுதான் அந்தப் பார்வை. நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன். வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்கவில்லை, நேரமில்லை என்று எதையாவது சொல்லியிருப்பேன்.

"இருநூத்திப் பன்னெண்டு பேரைக் கேட்டேன், ஐயா. கேட்ட கேள்வி தப்பு. வீட்டுல இல்லாத மகளைப் பத்திக் கேக்க எனக்குத் தோணல. அந்தத் தாள வச்சு வந்த முடிவு உண்மைக்கு நேர்மாறா இருந்துச்சு. அதனால அதை விட்டுட்டேன்."

அந்த மெலிந்த மனிதர் வெகுநேரம் ஏதோ எழுதினார். பிறகு எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தாவில் உட்கார இடமில்லை. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, நல்ல காலில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் கண்ணை மூடியிருந்தாள், விட்டுவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

கொடுத்துவிட்டார்கள். நல்லது என்ற தரம், அதற்கு மேலே இரண்டு தரம் இருக்கிறது. ஒரு நிபந்தனையும் போட்டார்கள். தவறான முதல் கணக்கை மறைக்கக் கூடாது, அதுவும் எப்படித் தவறியது என்பதோடு கடைசியில் தனி அத்தியாயமாகச் சேர வேண்டும். அதை ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்ச்சிக் கடிதம் அன்றே கையில் கிடைத்தது. ரிஃபாஈ கைகுலுக்கிவிட்டு, நான் நினைத்ததைவிட நல்லாவே முடிந்தது என்று பொதுவாகச் சொன்னார். யாருக்கு என்று தெரியவில்லை.

வேலை மாற்றப் பட்டியல் அன்று மதியம் இரண்டு மணியோடு மூடுகிறது. ஊர் வந்து சேர்ந்தபோது ஒன்று இருபது. வேளாண்மை அலுவலகம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் பிரிவின் குமாஸ்தா என் வாடிக்கையாளன். கடிதத்தைக் கொடு, நான் போனால் ஒரு நிமிடத்தில் முத்திரை விழும் என்று கையை நீட்டினேன்.

"வேணாம், ஹாஜியார். நீங்க குடுத்தா உங்க செல்வாக்குல கெடச்சதும்பாங்க."

காரிலிருந்து இறங்கிப் போனாள். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, பிறகு அடுத்த படி. கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினாள். முதல் வளைவுவரை எனக்குத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. காரில் உட்கார்ந்து இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றாம் முறை பார்க்கப் பயமாக இருந்தது.

இரண்டேகாலுக்கு இறங்கி வந்தாள். வாங்கிக்கொண்டார்கள். ஜூலையிலிருந்து உள்ளே மேசை வேலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனிப்புக் கடைக்குப் போகலாம், பஸ்பூஸா ஒரு தட்டு முழுசாக என் செலவு என்றேன். வீட்டில் தாயாருக்கு ஊசி போடும் நேரம் ஆகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். பின் இருக்கையில் செருப்பைக் கழற்றி வைத்துக் காலை நீட்டினாள். டிரைவரிடம் எந்தத் தெரு என்று சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கடிதத்தின் நகல் மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. வானொலியை நிறுத்தச் சொல்லி, மெதுவாகவே ஓட்டச் சொன்னேன்.